பிரஷர் மாத்திரை, தண்ணி மாத்திரை, ரத்தம் உறையாத மாத்திரை

இந்த அத்தியாயத்தில் வரும் மருந்துகளில் முக்கால்வாசி, சாப்பிடுகிறவருக்கு எந்தச் சுகத்தையும் காட்டாதவை. தலைவலி மாத்திரை போட்டால் அரை மணி நேரத்தில் வலி விடுகிறது. பிரஷர் மாத்திரை போட்டால் ஒன்றும் தெரிவதில்லை. தெரிவதெல்லாம் தொல்லைதான்: கால் வீங்குகிறது, இருமல் வருகிறது, எழுந்தால் கிறுகிறுக்கிறது, பல் விளக்கினால் ரத்தம் கசிகிறது. "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு இந்தச் சனியன்?" என்று ஒருநாள் யாரையும் கேட்காமல் நிறுத்திவிடுகிறோம்.

நிறுத்துவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. மருந்து எந்த வழியில் வேலை செய்கிறதோ, பெரும்பாலும் அதே வழியில்தான் தொல்லையும் வருகிறது. வேலை புரிந்தால், எந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொள்ளலாம், எதற்கு மாத்திரையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம், எதற்கு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதும் புரிந்துவிடும். மாத்திரையின் நிறத்தை நினைவில் வைப்பதைவிட இது பயன்படும். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

பிரஷர் மாத்திரைகள்

ரத்த அழுத்தத்தைத் தீர்மானிப்பவை மூன்று: இதயம் எவ்வளவு வேகமாக, எவ்வளவு பலமாக அடிக்கிறது, ரத்தக் குழாய்கள் எவ்வளவு இறுகியிருக்கின்றன, உடம்பில் உப்பும் நீரும் எவ்வளவு தேங்கியிருக்கின்றன. பிரஷர் மாத்திரைகள் இந்த மூன்றில் ஒன்றையோ இரண்டையோதான் தொடுகின்றன. அதனால்தான் ஒரே மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, வேறு வேறு இடத்தில் வேலை செய்யும் இரண்டு மாத்திரைகளைக் குறைந்த அளவில் சேர்த்துக் கொடுப்பது நல்லது என்று மருத்துவர்கள் நினைக்கிறார்கள். "ஒண்ணு போட்டுக்கிட்டிருந்தேன், இப்ப ரெண்டாக்கிட்டாங்க, நோய் முத்திருச்சு போல" என்று பயப்படத் தேவையில்லை.

இந்த மாத்திரைகள் இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதற்கு அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். 1944 மார்ச்சில் ஹோவர்ட் புரூன் என்ற இதய மருத்துவர் அவரைப் பரிசோதித்தபோது அழுத்தம் 186/108. உலகத்தின் மிகச் சிறந்த வைத்தியம் கிடைக்கக்கூடிய மனிதர். அவருக்குக் கொடுக்க முடிந்தது டிஜிட்டாலிஸ், உப்புக் குறைத்த சாப்பாடு, ஓய்வு, இவ்வளவுதான். 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டபோது புரூன் அளந்தது 300/190. அன்றே இறந்துபோனார். இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அம்லோடிபின் அன்று வெள்ளை மாளிகையில் கிடையாது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இந்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன.

அந்த அம்லோடிபினிலிருந்தே தொடங்கலாம். ரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள தசை இறுகுவதற்குக் கால்சியம் வேண்டும். அம்லோடிபின் கால்சியம் உள்ளே நுழையும் வழியை அடைக்கிறது, குழாய் தளர்கிறது, அழுத்தம் இறங்குகிறது. இது உடம்பை விட்டு மெதுவாகப் போகும் மருந்து. பாதி அளவு வெளியேறவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். ஆகவே ஆரம்பித்த மூன்றாம் நாளே "பிரஷர் இறங்கலையே" என்று டாக்டரை மாற்ற வேண்டாம். ஒன்றிரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள். ஒரு வேளை மறந்துபோனாலும் குடிமுழுகிவிடாது. அன்றைக்குள் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் அந்த நாளுக்கு உரியதை மட்டும் போடுங்கள், இரண்டாகப் போடாதீர்கள்.

அம்லோடிபினின் தொல்லை கணுக்கால் வீக்கம். சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த பள்ளம் அப்படியே நிற்கும். அது ஏன் வருகிறது? ரத்தத்தைக் கொண்டுவரும் தமனிப் பக்கத்தை அம்லோடிபின் தளர்த்துகிறது. திருப்பிக் கொண்டுபோகும் சிரைப் பக்கத்தை அந்த அளவுக்குத் தளர்த்துவதில்லை. நடுவில் உள்ள நுண்குழாய்களில் அழுத்தம் கூடி, நீர் வெளியே கசிந்து காலில் இறங்குகிறது. உடம்பில் நீர் கூடிப்போனதால் வந்த வீக்கம் இல்லை இது. ஆனால் நடைமுறையில் நடப்பதைப் பாருங்கள். வீங்கிய காலோடு வேறொரு டாக்டரிடம் போகிறார்கள். பழைய சீட்டைக் காட்டுவதில்லை. அவர் நீர் பிரியும் மாத்திரை எழுதுகிறார். வீக்கம் பெரிதாக வற்றுவதில்லை, பொட்டாசியம் இறங்குகிறது. ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. அதற்குச் சத்து மாத்திரை. ஒன்றாக இருந்தது மூன்றாகிவிட்டது, கால் இன்னும் வீங்கியேதான் இருக்கிறது. இதற்குச் சரியான வழி அம்லோடிபின் அளவைக் குறைப்பது, அல்லது சிரைப் பக்கத்தையும் தளர்த்தும் டெல்மிசார்ட்டன் போன்ற ஒன்றைச் சேர்ப்பது, அல்லது மாத்திரையையே மாற்றுவது. "இது இந்த மாத்திரையால இருக்குமோ டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். நல்ல மருத்துவர் யாரும் இந்தக் கேள்விக்குக் கோபிக்க மாட்டார். எங்கே போனாலும் பழைய சீட்டைக் கொண்டுபோங்கள்.

அடுத்தது ‘பிரில்’ என்று முடியும் எனலாபிரில், ராமிபிரில் வகை. இதன் பூர்வீகம் பிரேசில் நாட்டு விரியன் பாம்பு ஒன்றின் விஷம். அந்த விஷத்தில் இருந்த ஒரு பொருளை செர்ஜியோ ஃபெரைரா என்ற பிரேசில் விஞ்ஞானி 1965-இல் கண்டறிந்தார். அதன் வழியே நடந்த ஆராய்ச்சியில் பிறந்த கேப்டோபிரில் 1981-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. உடம்பில் ஒரு நொதி இருக்கிறது. ரத்தக் குழாயை இறுக்கி, உப்பைத் தேக்கிவைக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருளை உருவாக்கித் தருவது அதுதான். பிரில் மாத்திரைகள் அந்த நொதியை முடக்குகின்றன. அதே நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு: பிராடிகைனின் என்ற பொருளை அழிப்பது. நொதி முடங்கியதும் பிராடிகைனின் சேர்ந்து, தொண்டையை நமநமவென்று உறுத்துகிறது. சளி இல்லாத வறட்டு இருமல், படுத்தால் கூடும். ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒருவருக்கு வரும்.

நம் ஊரில் மூன்று வாரம் இருமினால் முதலில் காசநோய்ச் சந்தேகம்தான் எழும். அது சரிதான், சளிப் பரிசோதனை செய்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் அதோடு, "புதுசா ஏதாவது பிரஷர் மாத்திரை ஆரம்பிச்சீங்களா?" என்ற கேள்வியும் எழ வேண்டும். பாட்டில் பாட்டிலாக இருமல் டானிக் குடித்தும் நிற்காத இருமல், மாத்திரையை மாற்றினால் சில வாரங்களில் தானே நின்றுபோகும். மாற்றாக வருவது லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் போன்ற ‘சார்ட்டன்’ வகை. இவை நொதியைத் தொடுவதில்லை. ஆஞ்சியோடென்சின் போய் ஒட்டிக்கொள்ளும் இடத்தை மறைத்துக்கொள்கின்றன. பிராடிகைனின் அழிவது வழக்கம்போல நடப்பதால் இருமல் அரிது.

பிரில் போட்டவருக்கு உதடோ நாக்கோ முகமோ திடீரென்று வீங்கினால் அது அவசரம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வாழ்நாளில் மறுபடி பிரில் வகையைத் தொடக் கூடாது. பிரில், சார்ட்டன் இரண்டு வகையும் கர்ப்பிணிகளுக்கு ஆகாது, சிசுவின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் லாபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா என்று மாற்றிக்கொடுப்பார்கள். பிரில்லோ சார்ட்டனோ ஆரம்பித்த ஓரிரு வாரத்தில் ரத்தத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்ப்பது கட்டாயம். கிரியாட்டினின் கொஞ்சம் ஏறுவது எதிர்பார்த்ததுதான். அதைப் பார்த்ததும் "கிட்னி போயிருச்சு" என்று பதறி நிறுத்துகிறவர்கள் உண்டு. நீண்ட காலத்தில் சிறுநீரகத்தைக் காப்பதே இந்த மாத்திரைதான், அதுவும் சர்க்கரை நோயாளிகளுக்கு.

மூன்றாவது, நீர் பிரியும் மாத்திரை. பிரஷருக்குக் கொடுக்கும் குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு, இன்டபமைடு ஆகியவை சிறுநீரகம் உப்பை வெளியே தள்ளும்படி செய்கின்றன. உப்போடு நீரும் போகிறது. பழைய மருந்து, விலை மலிவு, பக்கவாதத்தைத் தடுப்பதில் புது மருந்துகளுக்குச் சளைத்தது கிடையாது. ஆனால் உப்பை வெளியேற்றுவது அளவு மீறினால் என்ன ஆகும்? "சோடியம் இறங்கிருச்சு" என்ற சொல் எந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவிலும் காதில் விழும். சித்திரை வெயில், சரியாகச் சாப்பிடாத எழுபது வயதுப் பாட்டி, இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, அதோடு இந்த மாத்திரை. பாட்டி சம்பந்தமில்லாமல் பேசுகிறார், தள்ளாடி விழுகிறார். வீட்டில் ‘வயசாயிருச்சு, புத்தி பேதலிக்குது’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். ரத்தத்தில் சோடியம் 135-க்கு மேல் இருக்க வேண்டியது 115-இல் நிற்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல் என்று உடம்பு வற்றும் நாட்களில் நீர் மாத்திரையையும் பிரில், சார்ட்டன் வகையையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று டாக்டரைப் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். எப்போது மறுபடி தொடங்குவது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

பீட்டா பிளாக்கர் எனப்படும் அட்டெனொலால், மெட்டோபிரோலால் வகை இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது. பிரஷருக்கு மட்டும் என்றால் இப்போது முதல் தேர்வாகக் கொடுப்பது குறைந்துவிட்டது. ஆனால் ஏற்கெனவே சாப்பிடுகிறவர் திடீரென்று நிறுத்தக் கூடாது. அதுவரை அடங்கியிருந்த துடிப்பு ஒரேயடியாக எகிறி நெஞ்சுவலி வரலாம். ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

காலையா, இரவா எப்போது போடுவது என்று பலர் கேட்கிறார்கள். 2022-இல் வெளிவந்த பிரிட்டனின் பெரிய ஆய்வு இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்று காட்டியது. மறக்காத நேரம் எதுவோ அதுவே நல்ல நேரம்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ‘பிரஷருக்கு இந்துப்பு நல்லது’ என்பது பரவலான நம்பிக்கை. இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். இளஞ்சிவப்பு நிறம் அதை மாற்றிவிடாது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, வடகம் எல்லாம் சேர்த்து.

இதயம் தளர்ந்தவர்களின் மாத்திரைகள்

இதயச் செயலிழப்பு என்ற பெயரைக் கேட்டதும் இதயம் நின்றுவிட்டதாக நினைத்து வீட்டில் அழத் தொடங்கிவிடுவார்கள். இதயம் நிற்கவில்லை, உடம்புக்குத் தேவையான அளவு ரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறுகிறது. எக்கோ ரிப்போர்ட்டில் இ.எஃப். என்று ஒரு எண் இருக்கும். இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்ற கணக்கு அது. 55-க்கு மேல் இருந்தால் இயல்பு. 40-ம் அதற்குக் கீழும் இருந்தால் இதயத் தசை தளர்ந்திருக்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, ஒரு தலையணை மூன்றாகிறது, நடுராத்திரியில் எழுந்து ஜன்னல் பக்கம் உட்கார வேண்டியிருக்கிறது, கால் வீங்குகிறது.

இங்கே மாத்திரைகளை இரண்டு கட்சியாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும். ஒரு கட்சி கஷ்டத்தைத் தீர்ப்பது. இன்னொன்று ஆயுளைக் கூட்டுவது.

கஷ்டத்தைத் தீர்ப்பது ஃபுருசமைடு, டோர்சமைடு. ஜனங்கள் தண்ணி மாத்திரை என்று சொல்வது பெரும்பாலும் இவற்றைத்தான். ஃபுருசமைடு போட்ட ஒரு மணி நேரத்துக்குள் நீர் பிரியத் தொடங்கும், ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஓடும். நுரையீரலில் தேங்கியது வற்றி மூச்சு சுலபமாகும். ஆகவே இதைக் காலையில் போட வேண்டும். இரண்டாவது வேளை இருந்தால் பிற்பகலில். ராத்திரி போட்டால் தூக்கம் போச்சு, இருட்டில் பாத்ரூமுக்குப் போய் விழுந்து இடுப்பு எலும்பும் போச்சு. வெளியூர்ப் பயணம் என்றால் அன்றைக்கு மட்டும் போய்ச் சேர்ந்த பிறகு போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, கல்யாணத்துக்குப் போகிற நாட்களில் எல்லாம் மாத்திரையை விட்டுவிட்டு, மறுநாள் மூச்சுத் திணறலோடு வருகிறவர்கள் நிறைய.

இந்த மாத்திரையின் பலன் கண்ணுக்குத் தெரிவதால் இதை விடாமல் சாப்பிடுகிறார்கள். ஆயுளைக் கூட்டுகிற மற்றவற்றின் பலன் தெரிவதில்லை. காசு கம்மியாக இருக்கிற மாதம் முதலில் வெட்டு விழுவது அவற்றுக்குத்தான். தலைகீழான சிக்கனம் இது.

இ.எஃப். குறைந்தவர்களுக்கு ஆயுளைக் கூட்டுபவை என்று உறுதியானவை நான்கு. முதலாவது, மேலே பார்த்த பிரில் அல்லது சார்ட்டன். அல்லது அவற்றைவிட ஒரு படி மேலான சாக்குபிட்ரில்-வல்சார்ட்டன் கூட்டு மாத்திரை. 2014-இல் வெளியான ஆய்வு ஒன்றில் எனலாபிரிலை இது தெளிவாக முந்தியது. இந்தியாவில் காப்புரிமை முடிந்து பல கம்பெனிகள் தயாரிப்பதால் விலை நன்றாக இறங்கிவிட்டது. முன்பு விலை கேட்டு வேண்டாம் என்றவர்கள் மறுபடி விசாரிக்கலாம். பிரில்லிலிருந்து இதற்கு மாறும்போது நடுவில் 36 மணி நேரம் இடைவெளி கட்டாயம். இரண்டும் சேர்ந்தால் பிராடிகைனின் கட்டுக்கடங்காமல் ஏறி முகமும் தொண்டையும் வீங்கும் ஆபத்து.

இரண்டாவது, பீட்டா பிளாக்கர்: மெட்டோபிரோலால் சக்ஸினேட், கார்வெடிலால், பிசோபிரோலால். பலவீனமான இதயத்தின் வேகத்தைக் குறைக்கிற மருந்தைக் கொடுப்பதா என்று ஒரு காலத்தில் மருத்துவ உலகமே முகம் சுளித்தது. ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரத்து மருத்துவர்கள் 1975-இல் ஏழு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டதாக எழுதியபோது நம்பியவர்கள் குறைவு. பெரிய ஆய்வுகள் அதை நிரூபிக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தளர்ந்த இதயத்தை உடம்பு அட்ரினலின் வகைச் சுரப்புகளால் விரட்டுகிறது. களைத்த மாட்டைச் சாட்டையால் அடித்து மேடேற்றுவது போல, அந்த நேரத்துக்கு வண்டி நகரும். மாடு சீக்கிரம் விழும். பீட்டா பிளாக்கர் அந்தச் சாட்டையைப் பிடுங்கிக்கொள்கிறது. அதனால்தான் முதல் சில வாரம் அசதி கூடும். மிகக் குறைந்த அளவில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட்டுவார்கள். அந்த அசதியைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். மூன்று நான்கு மாதம் கழித்து எடுக்கும் எக்கோவில் பலருக்கு இ.எஃப். ஏறியிருக்கும்.

மூன்றாவது ஸ்பைரோனோலாக்டோன், எப்ளெரினோன். உப்பை வெளியேற்றி பொட்டாசியத்தைத் தேக்கிவைக்கும் மருந்து. 1999-இல் வந்த ஆய்வு, கடுமையான இதயச் செயலிழப்பில் இது மரணங்களைக் கணிசமாகக் குறைத்ததைக் காட்டியது. தொல்லையும் அங்கேயே இருக்கிறது: பொட்டாசியம் அதிகமானால் இதயத் துடிப்பு தடம் புரளும். இந்த மாத்திரையும் பிரில்லோ சார்ட்டனோ சேர்த்துச் சாப்பிடுகிறவர், "வெயிலுக்கு நல்லது" என்று தினம் இரண்டு இளநீர் குடிப்பது விஷப்பரீட்சை. இளநீர் முழுக்கப் பொட்டாசியம். கடையில் ‘குறைந்த சோடியம்’ என்று விற்கும் உப்பில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பதும் பொட்டாசியம்தான். மற்ற பிரஷர்காரர்களுக்கு நல்லது, இவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் ஆகாது. ஆண்களுக்கு ஸ்பைரோனோலாக்டோனால் மார்பு வலித்து வீங்கலாம். வெட்கப்பட்டு மறைக்காமல் சொன்னால் எப்ளெரினோனுக்கு மாற்றிவிடுவார்கள்.

நான்காவது டாபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்பாவுக்கு மருந்து வாங்கப் போன மகள் டாக்டரிடமே திரும்பி வருகிறாள். "சார், அப்பாவுக்கு சுகரே கிடையாது. மெடிக்கல்ல அண்ணன் இது சுகர் மாத்திரைங்கிறார். மாத்தி எழுதிட்டீங்களா?" மாற்றி எழுதவில்லை. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதற்காக வந்த மருந்து இது. சர்க்கரை நோயே இல்லாதவர்களுக்கும் இதயச் செயலிழப்பில் பலன் தருகிறது என்று 2019-இல் தெரிந்தது. சிறுநீரில் சர்க்கரை போவதால் பிறப்புறுப்பில் பூஞ்சை அரிப்பு வரலாம். தண்ணீர் விட்டுக் கழுவிச் சுத்தமாக வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவிர்க்கலாம். ஆபரேஷன் ஏதாவது என்றால் மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும், மறக்காமல் சொல்லுங்கள்.

டிஜாக்சின் எங்கே என்று பழைய நோயாளிகள் கேட்பார்கள். வில்லியம் வித்தரிங் 1785-இல் ஃபாக்ஸ்கிளவ் செடியைப் பற்றி எழுதிய புத்தகத்திலிருந்து வரும் மருந்து. மூச்சுக் கஷ்டத்தைக் குறைக்கும், ஆஸ்பத்திரியில் சேர்வதைக் குறைக்கும், ஆயுளைக் கூட்டாது. பலன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி சிறியது. குமட்டல், பார்வையில் மஞ்சள் படர்வது, நாடி மிகவும் மெதுவாவது ஆகியவை எச்சரிக்கை.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, ஆனால் தினமும்: காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், ஒரே மாதிரி உடையில் எடை பார்த்து காலண்டரில் எழுதுவது. மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். மூச்சு முட்டும் வரை காத்திருக்காமல் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

ரத்தம் உறையாமல் காப்பவை

ரத்தம் உறைவதில் இரண்டு பங்காளிகள். ஒன்று தட்டணுக்கள், வேகமாக ஓடும் தமனிகளில் காயமோ கொழுப்பு வெடிப்போ ஏற்பட்டால் முதலில் ஓடிவந்து ஒட்டிக்கொள்பவை. இன்னொன்று ரத்தத்தில் உள்ள உறை காரணிகள். ரத்தம் தேங்கும் இடங்களில், அதாவது காலின் ஆழ் சிரைகள், தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தின் மேலறை, செயற்கை வால்வு ஆகிய இடங்களில் கட்டியை உருவாக்குபவை. மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர் ஆகியோருக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும். வால்வு போட்டவருக்கு வார்ஃபரின் அல்லது அசினோகூமரால். ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது. "ரெண்டும் ரத்தம் உறையாத மாத்திரைதானே, அது ஸ்டாக் இல்ல, இத வச்சுக்கங்க" என்று கடையில் சொன்னால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

ஆஸ்பிரின் தட்டணுவை அதன் ஆயுள் முழுக்க முடக்கிவிடுகிறது. தட்டணுவின் ஆயுள் ஏழு முதல் பத்து நாள். அதனால்தான் 75 மில்லிகிராம் என்ற சின்ன அளவே போதும். நிறுத்தினாலும் அதன் விளைவு முழுதாக விலகச் சில நாள் ஆகும். ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் ஆஸ்பிரினையோ குளோபிடோக்ரலையோ நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் கட்டி உருவாகி அதே இடத்தில் மாரடைப்பு வரலாம். பல் பிடுங்கவோ சின்ன ஆபரேஷனுக்கோ போகும்போது, நிறுத்தலாமா என்று இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். மாரடைப்போ ஸ்டென்ட்டோ இல்லாதவர், பக்கத்து வீட்டுக்காரர் போடுகிறார் என்று தானும் தினம் ஒரு ஆஸ்பிரின் போடுவது வயிற்றில் ரத்தக் கசிவை விலைக்கு வாங்குவது.

வார்ஃபரினின் கதை மாட்டுத் தொழுவத்தில் தொடங்குகிறது. 1920-களில் வட அமெரிக்காவின் புல்வெளிப் பகுதிகளில், பூஞ்சை பிடித்த ஸ்வீட் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் சின்னக் காயத்துக்கே ரத்தம் கொட்டிச் செத்தன. 1933-இல் ஒரு பனிப்புயல் நாளில், விஸ்கான்சின் விவசாயி ஒருவர் செத்த கிடாரியையும் அந்த வைக்கோலையும், பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மாடிசன் நகருக்கு வந்தார். கார்ல் பால் லிங்க் என்ற வேதியியல் பேராசிரியரின் கூடத்தில் அது போய்ச் சேர்ந்தது. பல ஆண்டு உழைத்து அதில் இருந்த பொருளை லிங்க்கின் குழு பிரித்தெடுத்தது. அதன் வழியே வந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது, 1954-இல் மனிதர்களுக்கு. அடுத்த ஆண்டு மாரடைப்பு வந்த ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கே கொடுத்தார்கள். "எலி மருந்தையா எனக்குக் குடுக்கறாங்க?" என்று யாராவது கிளப்பிவிட்டால், ஆமாம், அளவு பார்த்து என்பதுதான் பதில்.

கல்லீரல் உறை காரணிகளைத் தயாரிக்க வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரினும், நம் ஊரில் அதிகம் எழுதப்படும் அசினோகூமராலும், அந்த வைட்டமினைப் பயன்படுத்த விடாமல் தடுக்கின்றன. ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் காரணிகள் தீரும் வரை முழு விளைவு தெரியாது. அளவை மாற்றினால் அதன் பலன் ரத்தப் பரிசோதனையில் தெரியச் சில நாள் ஆகும். அந்தப் பரிசோதனைதான் ஐ.என்.ஆர். இயல்பான ரத்தத்துக்கு 1. தாறுமாறான இதயத் துடிப்புக்கும் கால் சிரைக் கட்டிக்கும் 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். மைட்ரல் இடத்தில் உலோக வால்வு என்றால் 2.5-லிருந்து 3.5 வரை. குறைந்தால் கட்டி, கூடினால் ரத்தக் கசிவு.

கீரையை அறவே விட்டுவிடச் சொல்லிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வேண்டியதில்லை. கீரையில் வைட்டமின் கே நிறைய. ஆனால் மாத்திரையின் அளவு உங்கள் வழக்கமான சாப்பாட்டை வைத்துத்தான் தீர்மானமாகிறது. வாரம் இரண்டு நாள் முருங்கைக் கீரை என்றால் எப்போதும் அப்படியே இருக்கட்டும். மாதம் முழுக்கத் தொடாமல் இருந்துவிட்டு ஒரு வாரம் தினம் கீரை என்பதுதான் ஐ.என்.ஆரைக் குலைக்கும். கீரையைவிட ஆபத்தானவை மருந்துகள். மெட்ரோனிடசோல், ஃபுளூகோனசோல், பல ஆன்டிபயாட்டிக்குகள் ஐ.என்.ஆரை ஏற்றிவிடும். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் வயிற்றில் கசிவைக் கொண்டுவரும்; வலிக்குப் பாராசிட்டமால், அதுவும் நாள் கணக்கில் தொடர்ந்தால் சொல்லிவிட்டு. நாட்டு மருந்து, லேகியம், பூண்டு மாத்திரை எதுவானாலும் மறைக்காதீர்கள்.

இதைவிட முக்கியம் ஊசி. காய்ச்சல், இடுப்பு வலி என்றால் "ஒரு ஊசி போட்டுவிடுங்க" என்று கேட்டு வாங்குவது நம் பழக்கம். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சதையில் போடும் ஊசியால் உள்ளேயே ரத்தம் கசிந்து, தொடை கல் மாதிரி வீங்கி, ஆபரேஷன் வரை போகலாம். கிளினிக்கில் நுழைந்ததும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்: "நான் வால்வு பேஷன்ட், அசிட்ரோம் சாப்பிடறேன், இடுப்புல ஊசி வேண்டாம்." அசிட்ரோம் என்பது அசினோகூமராலின் ஒரு பிராண்டு, உங்கள் அட்டையில் உள்ள பெயரைச் சொல்லுங்கள்.

புதியவை டாபிகாட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான். உறை காரணி ஒன்றை நேரடியாகப் பிடித்து முடக்குவதால் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டியதில்லை, கீரைத் தொல்லை இல்லை. விளைவு ஒரு நாளுக்குள் தீர்ந்துவிடும் என்பதால் இரண்டு வேளை விட்டாலும் பாதுகாப்பு போய்விடும். ரிவரோக்சபான் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும், வெறும் வயிற்றில் சரியாக உறிஞ்சாது. "ஐ.என்.ஆர். அலைச்சல் இல்லாத மாத்திரை இருக்காமே, மாத்திக்கலாமா?" என்று உலோக வால்வுக்காரர்கள் ஆசைப்படுகிறார்கள். கூடாது. டாபிகாட்ரானை இவர்களிடம் சோதித்துப் பார்த்த ஆய்வைக் கட்டியும் கசிவும் கூடியதால் பாதியில் நிறுத்தினார்கள்; 2013-இல் முடிவு வெளியானது. வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டுத் துடிப்பு தாறுமாறானவர்களுக்கும் பழைய வகை மாத்திரையே மேல் என்று 2022-இல் வந்த ஆய்வு காட்டியது. வாதக் காய்ச்சல் வால்வு நோய் நம் நாட்டில் இன்னும் அதிகம் என்பதால் இது நம்மவர்களுக்கு நேரடியாகப் பொருந்தும் செய்தி.

ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா நேர் எதிர்ப்பக்கம். அங்கே இல்லாத உறை காரணியை ஊசியாகக் கொடுப்பதுதான் பெரும்பாலும் வைத்தியம். ஆஸ்பிரினும் சதை ஊசியும் அவர்களுக்கும் ஆகாது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் ஐந்து ஹீமோஃபிலியா நோயாளிகளுக்கு மரபணு சிகிச்சை செய்து, அதன் பின் அவர்களுக்கு ரத்தக் கசிவு வரவில்லை என்று 2024 டிசம்பரில் அறிவித்தார்கள்.

ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்: தார் போலக் கறுத்த மலம், சிவந்த சிறுநீர், நிற்காத மூக்கு ரத்தம், இதுவரை வராத மாதிரி தலைவலி. வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டால், எழுந்து நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். உள்கசிவு மணிக்கணக்கு கழித்தும் வெளிப்படும். வாய் கோணுவது, ஒரு பக்கக் கை தளர்வது, பேச்சு குழறுவது எதுவானாலும் 108. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. போனதும், என்ன மாத்திரை, கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டார் என்று சொல்லுங்கள். அந்த ஊசி போடலாமா கூடாதா என்பது அதைப் பொறுத்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒரு துண்டுச் சீட்டில் உங்கள் மாத்திரைகளின் பெயர், அளவு, ஒவ்வொன்றும் எதற்காக என்று தமிழில் எழுதி, பர்ஸில் ஒன்றும் செல்போன் உறைக்குள் ஒன்றும் வையுங்கள். வால்வு போட்டவராக இருந்தால் கடைசி ஐ.என்.ஆர். எண்ணையும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள். அந்தத் தேதி ஒரு மாதத்துக்கு முந்தியது என்றால், நாளைக்கே லேபுக்குப் போய்விட்டு வாருங்கள்.